இங்கிலாந்துக் கிராமத்துத் தேவாலயம்: பூட்டிய கதவிலிருந்து பலிபீடம் வரை

நான் முதலில் பார்க்கப் போன மூன்று தேவாலயங்களில் ஒன்றுக்குள்கூட நுழைய முடியவில்லை. முதலாவது பூட்டியிருந்தது. இரண்டாவதில் அடக்க ஆராதனை நடந்துகொண்டிருந்தது. மூன்றாவதின் கதவு உண்மையில் திறந்தேதான் இருந்திருக்கிறது. அந்த இரும்பு வளையத்தை எப்படித் திருப்புவது என்று தெரியாததால் பூட்டியிருக்கிறது என்று நினைத்துத் திரும்பிவிட்டேன். நான்காவதில் உள்ளே போய் 20 நிமிடம் சுற்றிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அந்தக் கட்டடத்தைப் பற்றிப் படித்தபோதுதான், நான் ரசித்துப் படமெடுத்த பெஞ்சுகளும் தரை ஓடுகளும் விக்டோரியா ராணி காலத்தவை என்று புரிந்தது. நிஜமாகவே 700 வருடம் பழையது, நான் திரும்பிக்கூடப் பார்க்காத ஒரு சுவர்க்குழி.

பெரிய கதீட்ரல்களில் இந்தச் சிக்கல் இல்லை. டிக்கெட் வாங்கினால் வரைபடம் தருவார்கள், வழிகாட்டி இருப்பார். கிராமத்துத் தேவாலயத்தில் டிக்கெட்டும் கிடையாது, பெரும்பாலும் ஆளும் கிடையாது. எல்லாவற்றையும் நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். வேலைக்கோ படிப்புக்கோ வந்து, கையில் ஒருநாள் விடுமுறையும் பழைய கட்டடங்கள் மேல் ஆசையும் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. எங்கே போவது என்று முடிவு செய்யுங்கள்

இங்கிலாந்துத் திருச்சபையிடம் சுமார் 16,000 தேவாலயங்கள் இருக்கின்றன. கண்ணில் பட்ட முதல் கோபுரத்தைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். வெளியே 14ஆம் நூற்றாண்டுக் கோபுரம் கம்பீரமாக நிற்கும். உள்ளே எல்லாம் 1870களில் மாற்றிப் போட்டதாக இருக்கும்.

முதலில் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற அரசு அமைப்பு வைத்திருக்கும் தேசியப் பாரம்பரியப் பட்டியலை இணையத்தில் திறந்து, ஊர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். இலவசம். ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஓர் எண், ஒரு தரம், ஒரு விவரக்குறிப்பு இருக்கும். தரம் மூன்று: கிரேடு 1, கிரேடு 2 ஸ்டார், கிரேடு 2. முதல் பயணத்துக்குக் கிரேடு 1 உள்ளதையே எடுங்கள். விவரக்குறிப்பு சுருக்கெழுத்து மாதிரி வறட்சியாக இருந்தாலும் முழுதாகப் படியுங்கள். எந்தச் சுவர் எந்த நூற்றாண்டு, எந்த ஜன்னல் பிற்பாடு வைத்தது என்று அதில்தான் இருக்கும். அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கிராமங்களில் பல நேரம் போனில் சிக்னல் வராது.

இன்னொரு விஷயம். வழிபாடு நடக்கும் தேவாலயங்கள் ஒரு வகை, வழிபாடு நின்றுபோய் அறக்கட்டளையின் பொறுப்புக்கு வந்தவை இன்னொரு வகை. சர்ச்சஸ் கன்சர்வேஷன் டிரஸ்ட் என்ற அமைப்பிடம் 350க்கும் மேற்பட்டவை இருக்கின்றன. அவற்றின் திறப்பு நேரத்தை அவர்களே இணையத்தில் போடுகிறார்கள். ஆராதனைக்கு இடைஞ்சலாக இருப்போமோ என்ற தயக்கமும் வேண்டாம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இந்த இரண்டாம் வகையைத்தான் சொல்வேன்.

என் பரிந்துரை இங்கிள்ஷாம். வில்ட்ஷயரின் வட எல்லையில், தேம்ஸ் நதியோரம், லெச்லேட் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் புனித யோவான் ஸ்நானகர் தேவாலயம். பெரும்பகுதி 13ஆம் நூற்றாண்டு. கோபுரம்கூடக் கிடையாது, கூரை மேல் ஒரு சின்ன மணிமாடம் மட்டும். கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் பக்கத்தில் கெல்ம்ஸ்காட்டில் வசித்தவர். 1888–89இல் இந்தத் தேவாலயத்தைப் பழுதுபார்த்தபோது, எதையும் பிடுங்கிப் புதிதாக வைக்கக் கூடாது என்று பார்த்துக்கொண்டார். அதனால்தான் மற்ற ஊர்களில் போய்விட்டது இங்கே அப்படியே இருக்கிறது.

2. திறந்திருக்குமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

வழிபாடு நடக்கும் தேவாலயம் என்றால் ‘அ சர்ச் நியர் யூ’ என்ற திருச்சபையின் இணையதளத்தில் ஊர் பெயரைத் தேடுங்கள். ஆராதனை நேரங்களும் தொடர்பு விவரமும் அதில் இருக்கும். ஒரே குருவானவர் ஆறேழு கிராமங்களைப் பார்த்துக்கொள்வது இங்கே சாதாரணம். ஞாயிறு ஆராதனை ஊர் ஊராகச் சுற்றி வரும். ஓர் ஊருக்கு மாதம் ஒரு முறைதான் என்றும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை போனால் கட்டாயம் திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். சனிக்கிழமை கோடைக்காலம் என்றால் திருமணம் இருக்கலாம்.

பாதுகாப்பான நாட்கள் செவ்வாய் முதல் வியாழன் வரை, காலை 10 மணிக்குப் பிறகு. பல தேவாலயங்களின் அறிவிப்பில் ‘பொழுது சாயும்வரை’ என்று போட்டிருக்கும். ஜூனில் அது இரவு 9 மணி. டிசம்பரில் மாலை 4 மணி. குளிர்காலத்தில் 3 மணிக்குள் உள்ளே இருக்கும்படி கிளம்புங்கள்.

பூட்டியிருந்தால் முகப்பில் இருக்கும் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று எழுதியிருப்பார்கள். ஒரு தொலைபேசி எண்ணோ, எதிர்வீடு என்றோ, ஊர்க் கடை என்றோ இருக்கும். முடிந்தால் முந்தின நாளே கூப்பிட்டு, “நாளைக்கு 11 மணிக்கு வரலாமா?” என்று கேட்டுவிடுங்கள். சாவி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். அவசரப்படுத்தாமல் பேசினால், கூடவே வந்து சொல்லித் தருவார்கள். எனக்கு இரண்டு முறை அப்படி வாய்த்தது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத விஷயங்கள் அன்றுதான் தெரிந்தன.

செப்டம்பரில் ஹெரிடேஜ் ஓப்பன் டேஸ் என்று சில நாட்கள் வரும். வழக்கமாகப் பூட்டியே கிடக்கும் கோபுரம், பொருள் அறை எல்லாம் அப்போது திறப்பார்கள். தேதியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

3. செலவும் பயணமும்

நுழைவுக் கட்டணம் கிடையாது. செலவு எல்லாம் போய்வருவதில்தான்.

இங்கிள்ஷாமுக்கு லண்டன் பேடிங்டனிலிருந்து ஸ்விண்டன் வரை ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். அங்கிருந்து லெச்லேட்டுக்குப் பஸ். ரயில் டிக்கெட்டை இரண்டு மூன்று வாரம் முன்பே எடுத்தால் நிறைய மிச்சமாகலாம். ரெயில்கார்டு என்ற சலுகை அட்டை இருந்தால் மேலும் மூன்றில் ஒரு பங்கு குறையும். உள்ளூர்ப் பஸ்களில் பெரும்பாலும் ஒருவழிக்கு 3 பவுண்டு உச்சவரம்பு இருக்கிறது. இது அரசு அவ்வப்போது மாற்றுவது, கிளம்பும் முன் சரிபாருங்கள்.

கிராமத்துப் பஸ்ஸில் முதலில் பார்க்க வேண்டியது திரும்பி வரும் கடைசி வண்டியின் நேரம். போகும் வண்டியை அப்புறம் பார்க்கலாம். ஞாயிறு பல தடங்களில் வண்டியே ஓடாது.

லெச்லேட்டில் ஹாஃப்பென்னி பாலத்தடியிலிருந்து நதிக்கரைப் பாதை போகிறது. அரை மணி நேரத்துக்குள் தேவாலயம் வந்துவிடும். கூகுள் மேப் சில சமயம் ஏ361 சாலையைக் காட்டும். அதில் நடக்காதீர்கள். நடைபாதை இல்லாத, வேகமாக வண்டிகள் போகும் சாலை. மழைக்காலத்தில் நதியோரப் புல்வெளி நீரில் மூழ்கும். ஜனவரி, பிப்ரவரியில் போவதானால் வெள்ள எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

ஆர்ட்னன்ஸ் சர்வே (ஓ.எஸ்.) என்ற அரசு வரைபட நிறுவனத்தின் எக்ஸ்ப்ளோரர் வரைபடம் ஒன்று கைவசம் இருந்தால் நல்லது. உள்ளூர் நூலகத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அதில் பச்சைக் கோடுகளாக இருப்பவை பொதுமக்கள் நடக்கும் உரிமையுள்ள பாதைகள். கறுப்புச் சதுரத்தின் மேல் சிலுவை இருந்தால் கோபுரம் உள்ள தேவாலயம், வட்டத்தின் மேல் சிலுவை என்றால் கூர்முனைக் கோபுரமோ குவிமாடமோ உள்ளது, வெறும் சிலுவை என்றால் இரண்டும் இல்லாதது.

4. பையில் என்ன இருக்க வேண்டும்

ஒரு நல்ல டார்ச், ஒரு சிறிய பைனாகுலர். இந்த இரண்டும் இல்லாமல் போனால் பாதிதான் பார்ப்பீர்கள். கூரை மரத்தில் செதுக்கிய தேவதை முகமும் ஜன்னல் உச்சியில் மிஞ்சிய பழைய கண்ணாடித் துண்டும் வெறுங்கண்ணுக்குப் பிடிபடாது. அப்புறம் கம்பளிச் சட்டை. மே மாதத்திலும் உள்ளே குளிரும், கற்சுவர் வெயிலை உள்ளே விடுவதில்லை. குடிநீர், சாப்பாடு, சில்லறை. கழிப்பறை பெரும்பாலும் இருக்காது, ஊருக்குள்ளேயே முடித்துவிட்டுப் போங்கள்.

5. உள்ளே ஓடாதீர்கள், வெளியே ஒரு சுற்று வாருங்கள்

குறைந்தது 20 நிமிடம். கல்லறைத் தோட்டத்துக்குள் தேவாலயத்தைச் சுற்றிப் பாதை இருக்கும். பலிபீடம் அநேகமாக எப்போதும் கிழக்கில், கோபுரம் இருந்தால் பெரும்பாலும் மேற்கில், வாசல் பெரும்பாலும் தெற்கில். இதை மனதில் வைத்தால் திசைகாட்டி வேண்டாம்.

காலத்தைக் கணிக்க ஜன்னல்தான் கைகொடுக்கும். அரைவட்ட வளைவு, கனமான சுவர், வளைவில் ரம்பப் பல் மாதிரி செதுக்கல் என்றால், பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்களின் பாணி, தோராயமாக 1066இலிருந்து 1190 வரை. ஒல்லியாக, கூர்முனையோடு, ஈட்டி நிறுத்தியதுபோல் இருந்தால் 13ஆம் நூற்றாண்டு. ஜன்னல் தலைப்பில் கல்லே இலையாகவும் சுடராகவும் வளைந்து ஓடினால் 14ஆம் நூற்றாண்டின் முதல் பாதி. கல் கம்பிகள் நேராக மேலே ஏறி உச்சியை முட்டினால் 1350க்குப் பிறகு. அந்தப் பாணிக்கு பெர்பெண்டிகுலர் என்று பெயர்.

இங்கே இரண்டு பொறிகள். ஒன்று: ஜன்னல் சொல்வது ஜன்னலின் வயதை, சுவரின் வயதை அல்ல. பழைய சுவரை இடித்து அகலமான ஜன்னல் வைப்பதும், சுவரைத் தள்ளிக் கட்டும்போது பழைய நார்மன் வாசலைக் கழற்றிப் புதுச் சுவரில் பொருத்துவதும் அன்றைக்கு வழக்கம். இரண்டு: விக்டோரியா காலத்துக் கொத்தர்கள் எல்லாப் பாணிகளையும் அச்சு அசலாகச் செய்வார்கள். விளிம்புகள் கத்தி வெட்டியதுபோல் கூர்மையாக, ஒன்றுக்கொன்று துளி வித்தியாசம் இல்லாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். பழைய வேலையில் வலது பக்கத்துப் பூவும் இடது பக்கத்துப் பூவும் ஒன்றுபோல் இருக்காது.

தெற்குச் சுவரில், வாசலுக்குப் பக்கத்தில், கண் உயரத்தில் தேடுங்கள். கல்லில் ஒரு துளை, அதிலிருந்து கீழ்நோக்கி விசிறி போல் கீறல்கள். வழிபாட்டு நேரம் பார்க்க வைத்த சூரியக் கடிகாரம் அது. துளையில் ஒரு குச்சி செருகி நிழலைப் பார்த்திருக்கிறார்கள். உள்ளங்கை அளவுதான் இருக்கும். கோடிக்கணக்கில் செலவழித்த எந்தச் சிற்பத்தையும்விட எனக்கு இது பிடிக்கும்.

6. கதவு

முகப்பு மண்டபத்தில் இருபுறமும் கல்திண்ணை இருக்கும். நம் வீட்டுத் திண்ணை மாதிரியேதான், ஊர்ப் பேச்சுவார்த்தைகளும் அங்கே நடந்தன. உட்கார்ந்து செருப்பில் ஒட்டிய சேற்றைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

கதவில் கனமான இரும்பு வளையம் தொங்கும். இழுத்தால் திறக்காது. இரண்டு கையாலும் பிடித்து வலமோ இடமோ முழுதாகத் திருப்புங்கள். உள்ளே தாழ்ப்பாள் எழும்பும் ‘டக்’ என்ற சத்தம் கேட்கும். வளையத்தை விடாமல் தோளால் கதவைத் தள்ளுங்கள். ஓக் மரம், மழைக்கு ஊதி இறுகியிருக்கும். நான் திரும்பிப் போன அந்த மூன்றாவது ஊருக்கு ஒரு வருடம் கழித்து மறுபடி போனபோது, நாயோடு நடந்து வந்த ஒரு மூதாட்டிதான் இதைச் செய்துகாட்டினார். “பலமாத் தள்ளுப்பா, அது விழுந்துடாது” என்ற அர்த்தத்தில் ஏதோ சொன்னார்.

உள்ளே போனதும் கதவைச் சாத்துங்கள். வெளியே கம்பிவலைக் கதவு இருந்தால் அதையும். பறவை உள்ளே மாட்டிக்கொண்டால் தண்ணீரில்லாமல் செத்துப்போகும். திரும்பும்போதும் இதையே செய்யுங்கள்.

7. உள்ளே பார்க்கும் வரிசை

இருட்டு பழக ஐந்து நிமிடம் உட்காருங்கள். மக்கள் கூடும் பெரிய கூடத்துக்கு நேவ் என்று பெயர். அதற்குக் கிழக்கே, வளைவுக்கு அப்பால், பலிபீடம் இருக்கும் பகுதி சான்சல்.

வாசலருகில் ஞானஸ்நானத் தொட்டி. பல ஊர்களில் மொத்தத் தேவாலயத்திலும் பழைய பொருள் இதுவாகத்தான் இருக்கும். கட்டடம் மூன்று முறை மாறியும் தொட்டி மாறியிருக்காது. விளிம்பைத் தடவிப் பாருங்கள். எதிரெதிராக இரண்டு இடத்தில் கல் உடைந்து ஒட்டுப்போட்டிருக்கும், அல்லது இரும்பு ஆணியின் துருக்கறை தெரியும். மந்திரிக்கப்பட்ட தண்ணீரைத் திருடிச் சூனியம் வைப்பார்கள் என்ற பயத்தில் தொட்டிகளை மூடிப் பூட்டிவைக்கச் சொல்லி 1236இல் உத்தரவு போட்டார்கள். அந்தப் பூட்டைப் பிடுங்கிய காயம் அது.

பெஞ்சுகளைப் பாருங்கள். ஒரே மாதிரி, பளபளப்பு, தேன் நிறம் என்றால் 19ஆம் நூற்றாண்டு. பக்கப் பலகை ஒவ்வொன்றிலும் வேறு வேறு உருவம் கையால் செதுக்கி, உச்சியில் இலைக்கொத்து மாதிரி முடிந்தால், குறிப்பாக சஃபோக், நார்ஃபோக் பக்கம், 15ஆம் நூற்றாண்டாக இருக்க வாய்ப்பு அதிகம். இங்கிள்ஷாமில் இருப்பது வேறு வகை: மார்பளவு உயரத்துக்குப் பலகை அடைத்து, சின்னக் கதவும் வைத்த பெட்டி இருக்கைகள், 17, 18ஆம் நூற்றாண்டு. ஒன்றுக்குள் போய்க் கதவைச் சாத்தி உட்காருங்கள். பக்கத்துக் குடும்பம் கண்ணுக்குத் தெரியாது, குளிர்காற்று காலில் படாது. எதற்காக இப்படிச் செய்தார்கள் என்பது விளக்கம் இல்லாமலே விளங்கிவிடும். உயரமான பிரசங்க பீடம் எதற்கு என்பதும் அங்கேயே தெரியும். கீழே இருந்து பேசினால் இந்தப் பெட்டிக்குள் இருப்பவருக்குப் பிரசங்கியின் முகம் தெரியாது.

சுவரோவியங்களை இங்கிள்ஷாமில் அவசரமில்லாமல் பாருங்கள். 600 வருடங்களில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டவை, சில இடங்களில் ஏழு அடுக்கு. சிவப்புக் காவிக் கோடுகளின் மேல் சுண்ணாம்பு, அதன்மேல் வேத வசன எழுத்து, அதுவும் உரிந்து அடியில் உள்ள உருவம் எட்டிப் பார்க்கும். எது எந்தக் காலம் என்று பிரிக்க முயன்று தலைவலி வாங்காதீர்கள். ஒரு சதுர அடியை மட்டும் தேர்ந்தெடுத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பத்து நிமிடம் பாருங்கள். தொடாதீர்கள். விரல் பட்டால் காரை உதிரும்.

அங்கேயே கன்னி மரியாளும் குழந்தையும் உள்ள ஒரு கற்சிற்பம் இருக்கிறது. நார்மன்களுக்கும் முந்தைய சாக்சன் காலத்தது. மேலிருந்து இறைவனின் கை குழந்தையைக் காட்டுகிறது. ஒரு காலத்தில் வெளிச்சுவரில் இருந்தது. இதன் மேலேயும் சூரியக் கடிகாரம் கீறியிருக்கிறார்கள்.

8. இல்லாததைத் தேடுங்கள்

இந்தப் படிதான் எனக்கு ஒருவரும் சொல்லித் தராதது.

16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து கத்தோலிக்கத்தை விட்டுப் புராட்டஸ்டன்ட் வழிக்கு மாறிய மதச்சீர்திருத்தம் வந்தபோது இந்தத் தேவாலயங்களில் இருந்த பொருட்களில் பாதிக்கு மேல் அகற்றப்பட்டன. சிலைகள், கல் பலிபீடங்கள், நேவுக்கும் சான்சலுக்கும் நடுவே மரத்தடுப்பின் மேல் நின்ற பெரிய சிலுவை எல்லாம் போயின. ஆனால் கழற்றிய இடம் கல்லில் அப்படியே இருக்கிறது. அதைத் தேடிப் போனால், வெறுமையாகத் தெரிந்த சுவரே பேச ஆரம்பித்துவிடும்.

சான்சல் வளைவுக்குப் பக்கத்துச் சுவரில் ஆள் நுழையும் அளவு ஒரு குறுகிய வாசல் இருக்கிறதா? அதற்கு மேலே, ஏணி வைத்தால்தான் எட்டும் உயரத்தில், இன்னொரு வாசல் அந்தரத்தில் திறந்திருக்கிறதா? இரண்டுக்கும் நடுவில் சுவருக்குள் படிக்கட்டு இருக்கும். சிலுவை நின்ற மேடைக்கு ஏறிப்போன வழி அது. எலிசபெத் ராணி காலத்தில், 1561இல், மேடையை எடுக்கச் சொல்லி, கீழ்த்தடுப்பை மட்டும் இருக்கட்டும் என்று விட்டார்கள். படி போகும் இடம் இல்லாமல் நின்றுபோயிற்று. வளைவின் இரு பக்கமும் உற்றுப் பாருங்கள். உத்தரம் செருகியிருந்த குழிகளைக் கல் வைத்து அடைத்திருப்பது தெரியும்.

சுவரில் ஒரு மாடக்குழி, அதன் அடியில் கிண்ணம் போல் குடைந்து நடுவில் துளை இருந்தால், அது பிசீனா. பலிபீடப் பாத்திரங்களைக் கழுவிய தண்ணீர் மண்ணுக்குள் போக வைத்த வழி. சான்சலின் தெற்குச் சுவரில் ஒன்று இருப்பது இயல்பு. நேவின் சுவரில், இன்றைக்கு நாற்காலிகள் அடுக்கியிருக்கும் மூலையில் ஒன்று இருந்தால் நின்றுவிடுங்கள். அந்த இடத்தில் இன்னொரு பலிபீடம் இருந்திருக்கிறது. நான் முதலில் கவனிக்காமல் விட்ட சுவர்க்குழி இதுதான்.

பிசீனாவுக்குப் பக்கத்தில் படிப்படியாக மூன்று கல் இருக்கைகள் இருந்தால் குருவானவரும் உதவியாளர்களும் அமர்ந்த இடம். கடைசி இருக்கை தரையோடு தரையாக, உட்கார முடியாத அளவுக்குத் தாழ்ந்திருந்தால், பிற்பாடு தரையை உயர்த்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

தரையையும் விடாதீர்கள். பெரிய கல் பலகையில் நான்கு மூலையிலும் நடுவிலும் சிறு சிலுவைக் கீறல், மொத்தம் ஐந்து, இருந்தால் அது பலிபீடத்தின் மேற்பலகை. இடித்த பிறகு தரையில் பதித்து, மேலே நடக்க விட்டிருக்கிறார்கள். சில ஊர்களில் அதை எடுத்து மறுபடி பீடமாக வைத்தும் இருக்கிறார்கள்.

மேற்குக் கோபுரத்தின் சுவரில், இன்றைய கூரைக்கு மேலேயோ கீழேயோ, தலைகீழ் ‘வி’ வடிவத் தழும்பு தெரிந்தால் பழைய கூரை அங்கே முட்டியிருந்தது.

சஃபோக்கில் வென்ஹாஸ்டன் என்ற ஊரில் 1892இல் பழுதுபார்த்தபோது, சான்சல் வளைவை அடைத்திருந்த வெள்ளையடித்த பலகைகளைக் கழற்றி வெளியே போட்டார்கள். இரவில் மழை பெய்தது. சுண்ணாம்பு கரைந்து, காலையில் பார்த்தால் இறுதித் தீர்ப்பு நாளின் ஓவியம். இன்றைக்கும் அந்தத் தேவாலயத்தில் இருக்கிறது. நடுவில் உருவங்களின் வடிவத்தில் வண்ணமே படாத வெற்றிடங்கள் இருக்கின்றன. சிலுவையும் இரு பக்கத்துச் சிலைகளும் நின்ற இடம் அது. அவை போய்விட்டன, நிழல் மட்டும் பலகையில் நிற்கிறது.

9. நம்பக் கூடாத கதைகள்

தேவாலயத்தில் கிடைக்கும் பழைய கையேடுகளிலேயே இவை இருக்கும், கவனம். சான்சலின் தாழ்ந்த ஜன்னலைக் ‘குஷ்டரோகிகள் ஜன்னல்’ என்பார்கள். ஆதாரம் இல்லை. வடக்கு வாசலைப் ‘பிசாசு வாசல்’ என்பார்கள். பவனிகள் போய்வர இருந்த வழி என்பதுதான் பொருத்தம். கால் மேல் கால் போட்டுப் படுத்திருக்கும் வீரன் சிலை சிலுவைப் போருக்குப் போனவன் என்பதும் அப்படியே. அது அந்தக் காலத்துச் சிற்பப் பாணி, அவ்வளவுதான்.

10. செய்யக் கூடாதவை, கொடுக்க வேண்டியவை

மணிக்கயிற்றைத் தொடவே தொடாதீர்கள். பெரிய மணிகளைச் சில சமயம் வாய் மேலாக நிறுத்திவைத்திருப்பார்கள். கயிற்றை லேசாக இழுத்தாலும் அரை டன் உலோகம் புரண்டு, கயிறு உங்களைத் தூக்கி அடிக்கும். குழந்தைகளோடு போனால் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வௌவால் எச்சம் கிடந்தால் முகம் சுளிக்காதீர்கள். வௌவால்கள் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை, விரட்ட முடியாது. கல்லறைகளில் பதித்த பித்தளைத் தகடுகளின் மேல் காகிதம் வைத்துத் தேய்த்துப் பிரதி எடுக்க ஆசைப்பட்டால் முன்கூட்டியே எழுதி அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் கட்டணம் உண்டு, சில இடங்களில் தடையும் உண்டு. படம் எடுக்கலாம், யாராவது ஜெபித்துக்கொண்டிருந்தால் காத்திருங்கள்.

கையேடு ஒன்றிரண்டு பவுண்டுக்கு மேசையில் இருக்கும். பணத்தைச் சுவரில் பதித்த பெட்டியில் போட வேண்டும். கையேட்டுக்குப் போக ஒரு 5 பவுண்டாவது கொடுங்கள். இந்தக் கூரைகளைப் பராமரிக்கும் செலவை நூறு பேர்கூட இல்லாத கிராமங்கள் சுமக்கின்றன. பக்கத்தில் கிஃப்ட் எய்ட் உறை இருக்கும். பெயர், வீட்டு முகவரி, அஞ்சல் குறியீடு எழுதிப் போட்டால் 1 பவுண்டுக்கு 25 பென்ஸ் அரசிடமிருந்து அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் நீங்கள் இங்கே அந்த அளவுக்கு வருமான வரியோ மூலதன ஆதாய வரியோ கட்டுபவராக இருந்தால்தான் அதை நிரப்பலாம். வரி கட்டாத மாணவர்களும் சுற்றுலா வந்தவர்களும் நிரப்பக் கூடாது, வெறும் பணத்தைப் போடுங்கள். வருகைப் பதிவேட்டிலும் எழுதுங்கள். மானியத்துக்கு விண்ணப்பிக்கும்போது எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்ட அது அவர்களுக்கு உதவும்.

11. இன்னும் ஆழமாகப் போக: ஆவணக் காப்பகம்

ஒரு தேவாலயம் உங்களைப் பிடித்துக்கொண்டால் அதன் பழைய கணக்குகளைப் பார்க்கத் தோன்றும். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது 1538இல். பழைய பதிவேடுகளும் சர்ச்வார்டன்கள் என்ற தேவாலயப் பொறுப்பாளர்களின் வரவுசெலவுக் கணக்குகளும் இப்போது பெரும்பாலும் அந்தந்த மாவட்ட ஆவணக் காப்பகத்தில் இருக்கும். வில்ட்ஷயர் என்றால் சிப்பன்ஹாம், ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே.

முதல் முறை நான் முன்பதிவு இல்லாமல், அடையாளச் சான்று இல்லாமல் ஒரு காப்பகத்துக்குப் போய் வாசலோடு திரும்பினேன். நீங்கள் இப்படிச் செய்யுங்கள்:

முதலில் அந்தக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் ஊர் பெயரைத் தேடி, வேண்டிய ஆவணங்களின் குறிப்பெண்களை எழுதிக்கொள்ளுங்கள். பல காப்பகங்கள் ஏற்கும் ஆர்க்கைவ்ஸ் கார்டு என்ற இலவச அட்டைக்கு இணையத்தில் முன்பதிவு செய்யுங்கள். முதல் வருகையின்போது பெயருக்கு ஒரு சான்று, முகவரிக்கு ஒரு சான்று கொண்டுபோக வேண்டும். பாஸ்போர்ட்டும் வங்கி அறிக்கையும் பொதுவாகப் போதும். அட்டை ஐந்து வருடம் செல்லும். இருக்கையையும் ஆவணங்களையும் முன்பே பதிவு செய்யுங்கள். திங்கட்கிழமைகளில் பல காப்பகங்கள் மூடியிருக்கும். பென்சில் மட்டும்தான் அனுமதி, பேனா கூடாது. போனில் படமெடுக்க அன்றாடக் கட்டணம் கேட்கலாம், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

16ஆம் நூற்றாண்டுக் கையெழுத்தை முதல் நாளே படிக்க முடியாது. அதற்கு முன் அச்சில் வந்த கணக்குகளைப் படித்துப் பழகுங்கள். டெவனில் மோர்பாத் என்ற சின்னஞ்சிறு ஊரின் கணக்கு 1520இலிருந்து 1574 வரை ஒரே குருவானவர் கையால் எழுதப்பட்டது. கிறிஸ்டபர் ட்ரிக்கே அவர் பெயர். எந்தப் பொருளை எந்த உத்தரவுக்காக எடுத்தார்கள், கத்தோலிக்க வழிபாட்டை மறுபடி கொண்டுவந்த மேரி ராணி காலத்தில் யார் யார் வீட்டில் ஒளித்துவைத்திருந்த சிலைத் துண்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று வீட்டுக்காரர் பெயரோடு எழுதிவைத்திருக்கிறார். அதைப் படித்துவிட்டு மறுபடியும் அந்தச் சான்சல் வளைவுக்கு அடியில் போய் நில்லுங்கள். முதல் முறை பார்த்த அதே அடைத்த குழிகள்தான். இப்போது அதை அடைத்த ஆளுக்கு எவ்வளவு கூலி கொடுத்திருப்பார்கள் என்று யோசிப்பீர்கள்.